நான்காவது தட்டு

தலைமைச் சமையல்காரியாக என் தங்கை வேலை பார்த்த முதல் மூன்று மாதத்தில், அவள் சமைத்த தட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் நான்கு பேர். முதல் மூன்று பேர் யாரென்று எனக்குத் தெரியாது. நான்காவது ஆள் எங்கள் அப்பா.

அவளை வீட்டில் எறும்பு என்போம். சின்ன வயதிலேயே தன்னைவிடப் பெரிய மூட்டையாகப் பார்த்துத்தான் தூக்குவாள். பதினெட்டு வயதில் ஓர் உணவகத்தில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தாள். ஆறு வருடம் காய் வெட்டும் மேசை, நான்கு வருடம் சூப், ஏழு வருடம் அடுப்பு. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்று. பொம்பளைக்கு அடுப்பைக் கொடுத்தால் விளங்காது என்ற இரண்டு பேர், பின்னால் அவளிடம்தான் உப்புப் பார்க்கக் கரண்டியை நீட்டினார்கள். இதை நான் சொல்லாமல் யார் சொல்வது? அப்பா சொல்ல மாட்டார். யாராவது விசாரித்தால், "சின்னவ ஒரு கம்பெனில இருக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

போன வருடம் புதிதாகத் திறந்த பெரிய உணவகத்தில் அவளைத் தலைமை இடத்துக்கு எடுத்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். அந்தச் சமையலறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. தட்டு திரும்பி வந்தால் அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு. மூன்று கோடுவரை பொறுப்பார்கள், நான்காவது விழுந்தால் அவள் மறுபடி இன்னொருவருக்குக் கீழே நிற்க வேண்டியதுதான். நான் சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவள். திரும்பி வரும் சட்டையில் தைத்தவளின் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரியவள் அன்று மதியம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன்.

மூன்று மாதம் முடியும் வாரத்தில்தான் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்தார்கள். வந்ததும் அப்பா கேட்டது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பழைய ஓட்டலை. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அவர் இந்த ஊரில் ஓர் அலுவலகத்தில் பியூன். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களை அங்கே கூட்டிப்போவார். முதல் தட்டு வந்ததும் ஒரு வாய் வைத்துவிட்டு, "சூடு போதலை, எடுத்துட்டுப் போ" என்பார். என்ன தட்டானாலும் சரி. மாதம் முழுக்க மணியடித்தால் ஓடுகிற மனுஷனுக்கு, அவர் சொல்லி ஒருத்தன் நடப்பது அந்த ஒரு இடத்தில்தான். அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால் கோபம் குறைந்துவிடுமா என்ன.

அந்த ஓட்டலில் எல்லாம் அப்படியே இருந்தது, ஆடுகிற நாற்காலி உட்பட. மீசை என்று நாங்கள் கூப்பிடும் பரிமாறுகிறவரும் இருந்தார், மீசைதான் வெளுத்துவிட்டது.

"சார், தட்டை இப்பவே திருப்பி எடுத்துட்டுப் போயிடவா, இல்ல ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்றீங்களா?" என்றார்.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துவிட்டு, திருப்பியும் அனுப்பினார். கை கழுவப் போனபோது மீசை என்னிடம், "அன்னைக்கும் இன்னைக்கும் அதே தட்டுதாம்மா. உள்ள ஒரு சுத்து சுத்திக் கொண்டாருவேன்" என்றார்.

எனக்கு அப்போதே ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தங்கையின் பலகையில் ஏற்கெனவே மூன்று கோடு. ஞாயிறு மதியம் எங்களை வரச் சொல்லியிருந்தாள், அதுதான் அவளுடைய மூன்று மாதக் கணக்கின் கடைசி நாளும். "கோட்டைப் பத்தி அப்பாகிட்ட மூச்சு விடாதக்கா. பயந்துக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்ல வேணாம்" என்று என் வாயைக் கட்டியிருந்தாள். நான் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அப்பா, எறும்பு ஓட்டல்ல தட்டைத் திருப்பி அனுப்பிடாதீங்க."

"ஏன், எனக்கு ஓட்டல்ல உக்காந்து சாப்பிடத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முந்தி இருந்து சாப்பிடறேன்."

ஞாயிறு போனோம். கண்ணாடிக் கதவு, முகம் தெரியும் தரை. மெனுவை நீட்டிய பையன் அப்பாவைத் தாண்டி என்னிடம் நீட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் அப்பாவின் செருப்பைப் பார்த்தார்கள். அவர் முதுகு நிமிர்வதைக் கவனித்தேன். வறுத்த மீன் வந்தது. தட்டிலிருந்து எழுந்த ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது. கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். மாட்டினார், மறுபடி வெளுத்தது, மறுபடி துடைத்தார். ஒரு வாய் வைத்தார்.

"சூடு போதலை. எடுத்துட்டுப் போ."

மீசை இல்லாத இடத்தில் அது விளையாட்டில்லை. கறுப்புக் கோட்டு போட்ட மேற்பார்வையாளர், திரும்பும் தட்டுக்குக் குறை எழுதும் சீட்டோடு வந்தார். சீட்டு எழுதி முடியும்வரை தட்டு மேசையை விட்டு நகரக் கூடாதாம்.

"என்ன குறைன்னு எழுதட்டும் சார்?"

"எழுதாதீங்க" என்றேன். "தட்டை வெச்சதும் இவரு கண்ணாடி ரெண்டு தடவ ஆவி புடிச்சுது. கைக்குட்டை இன்னும் ஈரமா இருக்கு, தொட்டுப் பாருங்க."

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா சாப்பிட்டவர் சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

அப்பா பக்கம் திரும்பினேன். குரலைத் தாழ்த்த எனக்கு அப்போது தோன்றவில்லை. "மூணு தட்டு திரும்பியாச்சு. இது நாலாவது. நாலாச்சுன்னா அவ பதினேழு வருஷம் போச்சு. உங்களுக்கு ஒரு நிமிஷம் ராஜாவா இருக்கணும், அதுக்கு அவ வேகணுமா?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"திருப்பாதீங்கன்னு சொன்னேன்ல. காரணம் சொன்னாத்தான் கேப்பீங்களா?"

"ஏங்க, வாயைத் தொறந்து ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அப்பா தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை துடைக்க ஒன்றுமில்லை. பிறகு மேற்பார்வையாளரைப் பார்க்காமல் சொன்னார்.

"மீன்ல குறை இல்ல. எனக்கு இது ஒரு பழக்கம்."

"பழக்கம்னு எழுதவா சார்?"

"எழுதுங்க. கையெழுத்தும் போடறேன்."

தட்டு திரும்புகிறது என்று கேள்விப்பட்டும் சீட்டு உள்ளே வராததால் தங்கையே வெளியே வந்துவிட்டாள், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக. அந்தக் கோலத்தில் அப்பா அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சீட்டை வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தட்டின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"பேசிப் பேசி நெஜமாவே ஆறிப்போச்சுப்பா. குடுங்க, வேற வறுத்துத் தரேன்."

அப்பா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். "இது போதும்" என்றார்.

ஆறிய மீனை முள்ளில் ஒட்டியதுவரை தின்றார். அவள் பக்கத்திலேயே நின்றாள். மன்னிப்பு ஒன்றும் அவர் கேட்கவில்லை. கேட்டார் என்று எழுதினால் அது பொய். குறை இல்லை என்று சீட்டிலேயே இருந்ததால் பலகையில் கோடு விழவில்லை, அவள் இன்று அங்கே நிரந்தரம். நான் அன்று சாப்பிட்ட சூப் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். கோபத்தில் ஒரு ருசியும் தெரியவில்லை.