ஏழுமலைக்கு மட்டும் அசைந்த முள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தங்கச் சுரங்கத்தின் அடி லெவலில், பாறையே கையைச் சுடுகிற இடத்தில், தெர்மாமீட்டரோடு அலைந்து சூடு பார்ப்பதுதான் என் வேலை, அங்கே பயந்தால் பிழைப்பு நடக்குமா? நீங்களும் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில், கம்பியே இல்லாமல் சூட்டைச் சொல்லும் பெட்டி ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கொதிக்கிற பாறைப் பொந்தில் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து ரேடியோ மாதிரி ஒரு செட்டில், ஹெட்போனில் சிக்னலைப் பிடித்து முள்ளைப் பார்த்தால் போதும். செட் எனக்குத்தான் என்று ஊரிகத்தில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கிடைத்தது ஏழுமலைக்கு. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன், அடுத்த வீட்டுக்காரன் வேறு. அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு பகல் ஷிஃப்டில் பாறை வெடித்துச் சரிந்து பெட்டி இருந்த வழி அடைபட்டுப்போனது. உள்ளே ஆள் யாரும் இல்லை, எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். பெட்டி நசுங்கியிருக்கும் என்றார் இன்ஜினியர். ஆனால் முள் அசைந்தது. நூற்றைம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது மெல்ல இறங்கித் தொண்ணூற்றெட்டில் நின்றது.

ஏழுமலை முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, இது மனுசன் ஒடம்பு சூடு. யாரோ பொட்டிய கையில புடிச்சினு இருக்காங்க."

"இன்னாடா ஒளர்ற, தள்ளு" என்று ஹெட்போனைப் பிடுங்கி நான் மாட்டிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், நான் உட்கார்ந்ததும் முள் சைபருக்கு விழுந்துவிட்டது, காதில் வெறும் இரைச்சல். அவன் உட்கார்ந்தால் மறுபடி தொண்ணூற்றெட்டு. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. இத்தனை வருஷம் அந்தச் சூட்டில் வெந்தவன் நான், உள்ளே இருப்பது எதுவானாலும் அது அவனைத்தான் தேடுமா?

அவன் பயந்து வேலையை விட்டுப் பங்காருபேட்டைக்குப் போய்விட்டான். செட் என் கைக்கு வந்தது. தினமும் காத்திருந்தேன், இரைச்சல்தான். ஒரு மதியம் மட்டும் முள் எழுந்து, தொண்ணூற்றெட்டைத் தாண்டி, நூற்றுமூன்றில் நடுங்கியது. அன்று சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவன் மச்சானைப் பார்த்தேன். மதியத்திலிருந்து ஏழுமலைக்கு நெருப்பாய்க் காய்ச்சல், "கைய வுடு, கைய வுடு" என்று ஒரே பிதற்றல் என்றார்.

பிழைத்துக்கொண்டான். பேரன் பேத்திகூட எடுத்துவிட்டான். ஆனால் எங்கே பார்த்தாலும் இடது கையைத்தான் நீட்டுகிறான், வலது கை பாதி மூடியே இருக்கிறது. போன வாரம் ஏன் என்று கேட்டே விட்டேன்.

"சோத்தாங்கை காலியில்லண்ணே" என்றான், சாதாரணமாக.