நன்றி சொல்லும் கடைசி வரிகள்

நாட்டின் மருத்துவ இதழ்களை யாரும் இலவசமாகத் தேடிப் படிக்கும்படி இணையத்தில் பட்டியலிடுவது எங்கள் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அறை. எதிர் மேசையில் ஓர் அக்கா இருந்தார். நரைத்த குட்டை முடி, கட்டைவிரலில் பக்கம் புரட்டுவதற்கான ரப்பர் உறை. கட்டுரையின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் பதிந்தால் போதும். அவரோ ஒவ்வொரு கட்டுரையின் முடிவுக்கும் போய், நன்றி சொல்லும் வரிகளை வாசித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "அக்கா, அது நமக்கு வேணாம்லா. டைட்டில், ஆத்தர் போதும். இப்படிப் போனா எப்ப முடிக்கிறது?"

"என் தங்கச்சி கிள்ளான்ல ஒரு லேப்ல வேலை செஞ்சா. ஒரு டாக்டர் அவ பேரைப் போட்டு நன்றி எழுதியிருக்காராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எந்த புக்குன்னு நான் கேக்கல. இப்ப கேக்க அவ இல்ல."

ஒப்பந்தம் முடிந்து அவர் போகும்வரை அந்த வரி கிடைக்கவில்லை.

அவர் விட்டுப்போன இதழ்கள் இப்போது என் மேசையில். ஒவ்வொரு கட்டுரையின் முடிவுக்கும் போய்ப் பார்க்கிறேன். தங்கையின் பெயரை நானும் கேட்கவில்லை. அதனால் எந்தப் பெண்ணின் பெயர் வந்தாலும் சற்று நின்றுவிடுகிறேன்.