யார் வேண்டுமானாலும் திருத்தலாம்

வலைப்பூ, விக்கி, இணைப்புகளைக் குறித்துவைத்துப் பகிர்வது என்று ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். மண்டையில் ஏறியது விக்கி மட்டும்தான், அதுவும் அரைகுறையாக. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள் நான். அரைகுறை போதும் என்று துணிந்து வகுப்புக்கு ஒரு விக்கி தொடங்கினேன். பயனுள்ள இணைப்புகளைச் சேர்க்கச் சொன்ன பட்டியலில் செல் பிரிதலுக்கு இரண்டும் ஜாக்கெட் கை டிசைனுக்குப் பதினொன்றும் சேர்ந்தன. அதைக் கண்டும் காணாமல் விட்டேன்.

விக்கியில் ஆளுக்கு ஒரு பக்கம். தலைப்பு, 'பன்னிரண்டாவது முடித்ததும் நான்'. யார் பக்கத்தையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதுதான் இதன் அழகு என்று வகுப்பில் பெருமை பீற்றிக்கொண்டேன்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் 'நர்சிங் படிப்பேன்' என்று எழுதினாள். மறுநாள் அது 'கம்பெனி வேலைக்குப் போவேன்' என்று மாறியிருந்தது. அதற்கு மறுநாள் மறுபடியும் நர்சிங். இரண்டு வாரம் இதே கூத்து. மாற்றியவர் யார் என்று பார்த்தால் ஒவ்வொரு தடவையும் அவள் பெயரே இருந்தது. நன்றாகப் படிக்கிற பெண் இப்படித் தடுமாறுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் காலை ஆய்வகத்தில் அவள் என் எதிரே நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. அவள் பக்கத்தை அவளே மாற்றிவிட்டதாகச் செய்தி. பள்ளிக்கு மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. போனை அவளிடம் நீட்டினேன். யாருடி இது என்று கேட்டேன்.

"அப்பா மிஸ். ஊட்ல ஒரே போனு, அதுலதான் நானும் எழுதறேன். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, படுக்கறதுக்கு முன்னாடி அது மாத்திடும். சாயங்காலம் போயி நான் மாத்திடுவேன்."

"நேர்ல பேசறதுக்கு என்ன?"

"நான் ஊட்டுக்குப் போறப்போ தூங்கிக்கினு இருக்கும். எழுந்தா கம்பெனிக்குக் கெளம்பிடும். பேசினாலும் சண்டைதான் மிஸ்."

அன்றே நர்சிங் என்று திருத்தி அந்தப் பக்கத்தைப் பூட்டினேன். ஆசிரியருக்கு மட்டும் அந்த வசதி உண்டு. ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பூரிப்பில், வீடு திரும்பும் ரயிலில், இறங்கவேண்டிய பொன்னேரி வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் அப்பாவே பள்ளிக்கு வந்துவிட்டார். தூங்காத கண்கள் சிவந்திருந்தன.

"மிஸ், அந்தப் பக்கத்துல எழுத வர மாட்டேங்குது."

"அது அவ பக்கம் சார். அவ விருப்பந்தான் அதுல இருக்கணும்."

"யார் வேணாலும் திருத்தலாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

அவரே தொடர்ந்தார். "கம்பெனி வேன்னா ஊட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவும், ஊட்டாண்டயே எறக்கி வுடும். அந்த காலேஜு எங்க கீதோ! பொண்ணு இருட்டுல ஒத்தையா வந்தா, ஷிப்டுல இருந்துக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

படிப்புக்கு எதிரி ஒருவர் வருவார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காத்திருந்தவள் நான். இவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. திறப்பதா வேண்டாமா என்று புரியாமல், பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் அவள் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மிஸ், அத்த தொறந்து வுட்ருங்க."

"மறுபடியும் அழிப்பாரேடி?"

"அழிக்கட்டும் மிஸ். நீங்க பூட்டினதுலேர்ந்து அப்பா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அதுலதான் பேசிக்கினு இருந்தோம்."

பேச்சா அது? ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பது எந்த ஊர்ப் பேச்சு? எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே பூட்டைத் திறந்தேன்.

மறுநாள் முதல் பாடவேளையில் போன் அதிர்ந்தது. கம்பெனி என்றுதான் இருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தேன். நர்சிங் அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: 'காலேஜிக்கு எந்த பஸ்சு? சாய்ங்காலம் எத்தினி மணிக்கு ஊட்டுக்கு வரும்?'

இது சம்மதமா, இன்னொரு முட்டுக்கட்டையா? எனக்குப் பிடிபடவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். என் போனை என் கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டாள்.

"இதுலயே பதில் போட்றேன் மிஸ். அப்பா தூங்கறதுக்குள்ள போடணும்."