கீசர் மேல் கொடுத்த புகார்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். மகளைப் பார்க்க வெளிநாடு போய்விட்டேனா என்றுகூட ஒருவர் விசாரித்திருந்தார். எங்கும் போகவில்லை. இங்கே மும்பை செம்பூரில், என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன்.

காரணம் கீசர்...

இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. அதன் மேல் பழியைப் போட்டதால்தான் இவ்வளவும் நடந்தது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு வந்த பழக்கம் இது. சாயங்காலம் வாக்கிங் முடித்து வந்ததும் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். பிளாஸ்டிக் டப்பில் கீசரிலிருந்து வெந்நீரைப் பிடித்து, இரண்டு கால்களையும் உள்ளே விட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே நடந்தேன் என்றாலும் தப்பில்லை.

இந்த மழைக்காலத்தில் அந்தச் சுகம் குறைய ஆரம்பித்தது. தண்ணீரில் சூடே இல்லை. காலை வெளியே எடுத்தால் ஜில்லென்று இருந்தது. சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கினேன் — மும்பையில்!

"கீசர் போயிடுச்சு" என்றேன்.

"எனக்குச் சரியாத்தானே வருது?" என்றாள் என் மனைவி சரோஜா.

"உனக்கு எதுதான் சரியா இல்லை?"

நான் சொன்ன பதில் இது. எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் சொசைட்டி செக்ரட்டரியைப் பிடித்தேன். மொட்டை மாடி டாங்கிலிருந்து பிரஷர் இல்லை, தண்ணீர் நூலாக வருகிறது, டப் நிறைவதற்குள் ஆறிவிடுகிறது என்று லெட்டரே எழுதிக் கொடுத்தேன். மற்ற எந்த வீட்டிலும் புகார் இல்லையே அங்கிள் என்றார் அவர். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான் என்றேன்.

பிறகு செல்லத்துரையைக் கூப்பிட்டேன். தாராவிக்காரர். கீசர், மோட்டார், மிக்ஸி எல்லாம் பார்ப்பார். நாற்பது வயசு இருக்கும். பம்பாய்க்கு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகரவில்லை.

முதல் தடவை வந்தபோது, கீசருக்குத் தண்ணீர் போகும் பைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த சல்லடையை எடுத்துக் காட்டினார். வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. "பிரஷர் இங்கதான் சார் நின்னு போச்சு" என்று சுத்தம் செய்து மாட்டினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

கால் மட்டும் ஜில்லென்றே இருந்தது.

இரண்டாம் தடவை வந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீசரின் அடி மூடியைத் திறந்தார். உள்ளே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் திருகு. ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் திருப்பினார்.

"இதுக்கு மேல வேண்டாம் சார். தண்ணி சூடானா விரியும். உள்ள பிரஷர் ஏறும். ஏறுச்சுன்னா இந்த வால்வு வழியா சொட்டு சொட்டா வெளிய தள்ளிரும். சொட்டுதேன்னு துணியக் கிணியச் சுத்தி அடச்சிராதீங்க. கீசர் டாங்கே வெடிச்சிரும்."

தலையாட்டினேன். என் கவனமெல்லாம் அந்தத் திருகின் மேல்தான் இருந்தது. இவ்வளவு சின்ன வேலைக்கா இவரைக் கூப்பிடுகிறோம்?

நான்கு நாள் பொறுத்தேன். பிறகு சரோஜா மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில், நானே மூடியைத் திறந்து, திருகை அது போகும் வரைக்கும் திருப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் டப்பிலிருந்து ஆவி பறந்தது. அதைப் பார்த்தபோதே ஒரு வெற்றிக் களிப்பு. கால்களை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பரவாயில்லை, இப்போதுதான் கொஞ்சம் தேவலை என்று நினைத்தேன். துடைத்து, சாக்ஸ் போட்டுக்கொண்டு, சாப்பிட்டு, படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை கீசர் வால்விலிருந்து விடாமல் தண்ணீர் சொட்டியது. செல்லத்துரை பதினோரு மணிக்கு வந்தார். மூடியைத் திறந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு சார் திருகுனது?"

"நான்தான். சூடு பத்தலை."

அவர் பைப்பைத் திறந்து விரலை நீட்டினார். "யம்மா!" என்று கையை உதறிக்கொண்டார். "இதுவா சார் பத்தல? கையே வைக்க முடியல."

சரோஜா சமையலறையிலிருந்து வந்தாள். "சூடு கூட்டினதிலிருந்து நான் பாதி பச்சைத்தண்ணி கலந்துதான் குளிக்கிறேன். இவர்கிட்ட சொன்னா யாரு கேக்கறா?"

செல்லத்துரை டப்பைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். "சார், உங்களுக்குச் சுகர் உண்டா?"

"பன்னிரண்டு வருஷமா இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். ஏன்?"

"சாக்ஸைக் கழத்துங்க."

எனக்குக் கோபம் வந்தது. கீசர் மெக்கானிக்குக்கு என் காலில் என்ன வேலை?

"எங்க மச்சானுக்குச் சுகர் சார். பைக் சைலன்சர்ல கால் பட்டு வெந்து போச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து அக்கா சொல்லித்தான் அவருக்கே தெரிஞ்சுது. கழத்துங்க சார்..."

சரோஜாதான் குனிந்து கழற்றினாள். வலது சாக்ஸ் ஈரமாக இருந்தது. வரவில்லை. மெல்ல இழுத்தபோது, சாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்தது.

அவள் கத்தினாள். நான் கத்தவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். வலிக்கவேயில்லை.

செல்லத்துரைதான் என்னைத் தாங்கிப் பிடித்து லிஃப்டில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, கூடவே வந்தார். தாராவியில் அவருக்காக இரண்டு வீட்டில் காத்திருந்தார்கள். போனில் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் இளம்பெண். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, ஒரு மெல்லிய நைலான் இழையைக் கையில் எடுத்தார். "கண்ணை மூடிக்கோங்க. நான் காலைத் தொடும்போதெல்லாம் சொல்லுங்க" என்றார்.

மூடினேன். காத்திருந்தேன். மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றேன்.

"முடிச்சுட்டேன்" என்றார்.

ரொம்ப வருஷமாக ஏறி இறங்கிய சர்க்கரை, பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்ல அணைத்துவிட்டிருந்தது. ஜில்லென்று இருந்ததும் அதன் வேலைதான். கணுக்காலுக்குக் கீழே நான் என்னிடம் இல்லை. அது தெரியாமல் செக்ரட்டரிக்கு லெட்டர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அன்று அங்கேயே படுக்கை போட்டார்கள். இடது கால் கொப்புளங்களோடு தப்பித்தது. வலது காலில் சின்ன விரலைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

படுக்கையில் கிடந்தபடி நிறைய யோசித்தேன். ஏதோ ஒன்று குறைகிறது என்றால் நம் கை ஏன் உடனே வெளியே நீள்கிறது? டாங்க் சரியில்லை, பைப் சரியில்லை, கட்டினவள் சொல்வது சரியில்லை... நான் சரியாக இருக்கிறேனா என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

உங்கள் வீட்டில் சுகர்காரர் யாராவது "தண்ணி சூடாவே இல்லை" என்று சொன்னால், தயவுசெய்து மெக்கானிக்குக்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தண்ணீரை வேறு ஒருவர் கை வைத்துப் பார்க்கட்டும். தெர்மோஸ்டாட் திருகை, தெரிந்தவர்களே தொடட்டும்.

செக்ரட்டரி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். லெட்டரைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். சரோஜாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாள் கடத்தினேன். அவளும் எதையும் கிளறவில்லை. தினமும் டிரெஸ்ஸிங் நடக்கும்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். நான் சத்தமே போடாமல் வெளியே வருவேன். அவள் முகம் இன்னும் வாடும்.

போன வியாழக்கிழமை நர்ஸ் பிளாஸ்திரியைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டார். கணுக்கால் பக்கம் சுரீரென்றது. "ஐயோ, வலிக்குது!" என்று கத்திவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் சரோஜா. "வலிக்குதா? நிஜமாவா? எங்க?" என்று கேட்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம்... எனக்கு வலித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.