ஏகாம்பரத்தின் அப்பா போட்ட கையெழுத்து

எங்கள் கம்பெனிச் சுவரோரம் பஸ் நிற்குமிடத்தை எல்லோரும் மூன்றாம் கேட் என்பார்கள். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஏகாம்பரத்துக்கு மட்டும் அது இன்னும் பெரிய கழனி. ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜைக் காலிசெய்துவிட்டு வல்லம் வடகாலில் அவர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்று, "பெரிய கழனியாண்ட எறங்கிக்கோ தம்பி, கிட்டத்துலதான் நம்ம வூடு கீது" என்று போனில் சொன்னார். பச்சையாக ஏதாவது கண்ணில் படும் என்று ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே ஒரகடம் கூட்டுரோடு வரை போய்விட்டேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கருவேலங்காட்டிலிருந்து வந்தவனுக்கு, இங்கே காம்பவுண்டுச் சுவரைக் கழனி என்பார்கள் என்று எப்படித் தெரியும்? பெட்டியோடு திரும்பி நடந்துவந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "கழனி எங்க போவும்? சொவுத்துக்கு அந்தாண்டதான் கீது."

நிலத்தை விற்றால் மூலப்பத்திரங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். நம் ஊரிலும் அதுதான் வழக்கம், யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை. பெரிய கழனியை எங்கள் கம்பெனிக்கு விற்றபோது ஏகாம்பரமும் ஒரு மஞ்சள் பை நிறையக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்று, அவருடைய அப்பாவும் பெரியப்பாக்கள் இருவரும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பா செத்தபோது ஏகாம்பரம் தவழும் குழந்தை. போட்டோ கிடையாது. "மத்தவங்க ரெண்டு பேரும் கைநாட்டு, உங்கப்பாரு ஒருத்தருதான் கையெழுத்து போட்டாரு" என்று அவருடைய அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். விற்கும் அவசரத்தில் அது மறந்துபோயிற்று. பிறகு பதிவு ஆபீசுக்கு நடையாய் நடந்து நகல் வாங்கியிருக்கிறார். அதில் அப்பாவின் பெயர் இருந்தது, ஆனால் பத்திரம் முழுவதையும் பார்த்து எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்தில்.

"இது எவனோ எழுதினது தம்பி. நீ அந்தக் கம்பெனி ஆபீஸ்லதான கீற? ஒரே ஒரு தபா அசலக் காட்டேன். குடுக்க வாணாம், பாத்தா போதும்."

என்னிடம் கேட்டார் பாருங்கள், அதுதான் விதி. நான் வேலை பார்ப்பது அந்தக் கம்பெனியின் ஆவண அறையில். சேர்ந்த முதல் மாதம் மேனேஜர் கரையான் அரித்த கட்டுகளைக் காட்டி, "முப்பது வருஷத்து டாக்குமெண்ட் இருந்தா போதும்னு வக்கீல் சொல்லிட்டார், அதுக்கு முந்தினதை எல்லாம் கிழிச்சிருங்க" என்றார். தாள் கிழிக்கும் மெஷினில் இரண்டு நாள் விடாமல் போட்டுத் தள்ளினேன். வேகமான ஆள் என்று பாராட்டு வேறு. இரண்டு கைநாட்டுக்கு நடுவே ஒரு கையெழுத்து இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நினைவில்லை, நான் எதையும் படிக்கவே இல்லை. ஊரில் நீங்கள் எல்லோரும் நான் ஆபீசில் உத்தியோகம் பார்ப்பதாகப் பெருமைப்படுகிறீர்கள். பார்த்த உத்தியோகம் இதுதான்.

ஏகாம்பரத்திடம் வாய் கூசாமல், "பம்பாய் ஹெட் ஆபீஸுக்குப் போயிருச்சு, அங்க பேங்க் லாக்கர்ல இருக்குண்ணே" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "லாக்கர்லயா! அப்போ கரையான் அண்டாது" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் ஊரிலிருந்து அண்ணன் பேசினான். எங்கள் புஞ்சையைச் சோலார் கம்பெனிக்குக் கேட்கிறார்கள். "நீ எதுக்கு லீவு போட்டு அலையிற? அங்கனயே என் பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி அனுப்பிரு."

"மூலப்பத்திரத்தக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்து வையிண்ணே."

"அதையெல்லாம் போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டாங்கடா. பழைய தாளு, உனக்கு எதுக்கு?"

அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பவர் எழுதி அனுப்புவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் பதிவு ஆபீசில் பவர் எழுதிய அன்று சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. ஏகாம்பரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னுடன் வந்தார். அப்பன் பாட்டன் புஞ்சையை விற்கும் அந்தத் தாளில், எனக்கு ஊர் வல்லம் வடகால் என்று பத்திர எழுத்தர் எழுதியிருந்தார். வீட்டு இலக்கம் ஏகாம்பரத்தினுடையது. நான் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். மை காயட்டும் என்று ஊதினார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"எங்கப்பாரு கையெழுத்து பம்பாயில கீது. என்னுது முதுகுளத்தூருக்குப் போவுது. எல்லாம் உன் தயவு தம்பி."