மடக்கு இறக்கையின் எண்

இறக்கை எங்கள் பட்டறைக்கு வந்த அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவியின் தம்பி, மாட்டுங்காவிலிருந்து வந்த மேடம், மான்குர்த் பழைய இரும்புக் கடை அண்ணாச்சி, அவருடைய டெம்போவை ஓட்டி வந்த டிரைவர். எதிர்க் கடையில் தோல்பை தைக்கிறவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். வாசலைத் தாண்டவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை. இப்படி எண்ணி வைத்துக்கொள்வது என் பழக்கம். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் முழிக்கக் கூடாது.

டெம்போவுக்குப் பின்னால் ஐந்தாறு அடி நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் வண்டி திரும்பாது என்பதால் ஆண்கள் நாலு பேரும் கையில் தூக்கி வந்தோம். மேடம் முன்னால் நடந்து, குறுக்கே நின்ற பைக்குகளை எடுக்கச் சொன்னார்.

அது பழைய காலத்துச் சண்டை விமானம் ஒன்றின் இறக்கை. கப்பலின் மேல்தளத்திலிருந்தே கிளம்பிப் போய்க் கப்பலிலேயே வந்து இறங்கும் ரகம். கப்பலில் இடம் குறைவு, அதனால் அவற்றின் இறக்கைகள் நடுவில் மடங்கும். எங்களிடம் வந்தது அந்த மடங்கும் வெளிப்பாதி மட்டும். பல மழைக்காலங்களாக அண்ணாச்சி கடையில் தராசுக்கு மேல் கூரையாகக் கிடந்திருக்கிறது.

"ஒரு சொட்டு ஒழுகாது, பாத்துக்கிடுங்க. இப்பம் இத வித்துட்டு நான் நனையணும்" என்றார் அண்ணாச்சி.

"சண்டைக்குப் போனத வச்சுக் கூரை போட்டியளாக்கும்" என்றான் மச்சினன்.

"பின்ன என்னவே, அத வச்சு நான் பாகிஸ்தானுக்கா போக முடியும்?"

டிரைவர் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. மடங்கும் பக்கத்து வாய் மூடி இல்லாமல் திறந்து கிடந்தது. அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளை எடுத்து, அதை மூடிச் சுற்றிலும் டேப் ஒட்டினார்.

"இந்தப் பக்கம் நீங்க தொட வேண்டாம். மத்ததெல்லாம் உங்க வேலை. இது நான் சொல்றப்போ."

அந்த டேப்பிலிருந்துதான் என் தூக்கம் போனது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குர்லாவில் பழைய வண்டிகளைப் பிரிக்கும் கடையில் சேர்ந்து, தகடு அடிக்கப் பழகி, பிறகு தாராவியில் சொந்தப் பட்டறை போட்டேன். பட்டி வைத்துப் பூசாமல் அலுமினியத்தின் பள்ளத்தைச் சுத்தியலிலேயே எடுப்பவன் என்று ஒரு பெயர் உண்டு. செம்பூரில் பழைய கார் சேர்க்கும் ஒருவருக்கு வேலை செய்து கொடுத்திருந்தேன். அவர் சொல்லித்தான் மேடம் தேடி வந்தார்.

வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, ஸ்போர்ட்ஸ் ஷூ, தோளில் துணிப்பை. கடற்படை விமானங்களின் ஸ்டோர்ஸில் கணக்கு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விமானத்துக்கு எந்தப் பாகம் போனது என்று எண் போட்டு எழுதுவது அவர் வேலை. விமானங்களுக்கு வயதாகி ஒவ்வொன்றாக ஏலத்தில் போனபோது, எந்த எண் யாரிடம் போனது என்று தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக, கடை கடையாகத் தேடத் தொடங்கியிருக்கிறார். வெளியூரில் ஓர் அறக்கட்டளை அப்படி ஒரு விமானத்தைப் பழையபடி நிறுத்தப் பார்க்கிறது. உடம்பு இருக்கிறது, ஓர் இறக்கையில் பாதி இல்லை. இல்லாத பாதி மான்குர்த்தில் கூரையாக இருப்பதைக் கண்டுபிடித்தவர் இவர்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. முதலில் அவர் சொன்னது மூன்றே விஷயம். பட்டி வைக்கக் கூடாது. போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒரு மாதத்தில் ஆள் வந்து பார்ப்பார்கள். கூலியில் முதல் பங்கைக் கவரில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் கொடுத்தார்.

"அத்தான், இந்த மேடம் நம்மள நம்பல" என்றான் மச்சினன். "ரிவிட்ட எண்ணுது, நேத்துப் பாத்தேன்."

எனக்கும் அவரை நம்ப முடியவில்லை. தினமும் பதினொரு மணிக்கு வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். போகும்போது டேப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே ஏதோ இருக்கிறது. ராணுவப் பொருள். திருடி வந்ததாக இருந்தால்? தாராவியை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, ஆட்கள் வந்து பட்டறைக்குப் பட்டறை எண் போட்டு எழுதிக்கொண்டு போகும் நேரம் அது. ஒரு போலீஸ் கேஸ் இருந்தால் மாற்று இடம் கொடுக்கும் பட்டியலில் இருந்து பட்டறையே போய்விடும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். உண்மையா தெரியாது. எனக்கு அது போதும்.

"கேட்டுப்புட வேண்டியதுதான" என்றான் மச்சினன்.

"கேட்டா உசாராயிருவாவ."

"என்னத்துக்கு உசாராவணும்?"

"அதத்தாம்ல நானும் யோசிக்கேன்."

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. மேடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி வரவில்லை. மச்சினன் ரிவிட் வாங்க குர்லாவுக்குப் போயிருந்தான். இறக்கையின் மேல்தோல் முடிந்து நன்றாக வந்திருந்தது. நான் டேப்பைப் பிரித்தேன்.

பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. பறவைக் கூடு ஒன்று, வெள்ளை வெள்ளையாகப் பூத்த அலுமினியப் பொடி. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் விலாவில், மடங்கும் கீலுக்குப் பக்கத்தில், உளியால் குத்திய ஒரு வரி எண். அதற்கு முன்னால் ஓர் அம்புக்குறி. அது சர்க்கார் சொத்துக்குப் போடும் குறி என்று குர்லாவிலேயே எனக்குத் தெரியும்.

குர்லாக் கடையில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே எண் தேய்ப்பதுதான். எந்தப் பொருள் உள்ளே வந்தாலும், நல்ல வழியில் வந்ததோ கெட்ட வழியில் வந்ததோ, முதலில் எண்ணைத் தேய்த்துவிட வேண்டும். விலை பேசுவது அதற்கப்புறம். எண் இருந்தால் யாராவது தேடி வருவார்கள். அது எங்களுக்குக் குளித்துவிட்டுச் சாப்பிடுவது மாதிரி.

கிரைண்டரை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்புக்குறியோடு சேர்த்து எல்லாம் போய் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆனது. திரும்ப அதே டேப்பை ஒட்டினேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் மேடம் வந்தார். மேல்தோலைக் கையால் தடவினார். முதல் தடவையாக, "பேஷா வந்திருக்கு" என்றார். "அடுத்த வாரம் சனிக்கிழமை அவா ஆள் வரார். இப்போ இதைத் திறக்கலாம்."

அவரே டேப்பை உரித்தார். டார்ச்சை உள்ளே அடித்தவர் அசையவே இல்லை. பிறகு கையைவிட்டுத் தடவினார்.

"இங்க ஒரு நம்பர் இருந்ததே."

"துரு புடிச்சிருந்துச்சு மேடம். தேச்சுட்டேன்."

"அலுமினியம் எந்த ஊர்ல துருப்பிடிக்கறது?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த நம்பர்தான் எல்லாம்" என்றார். "உடம்புல இருக்கற நம்பரும் இதுல இருக்கற நம்பரும் ஒண்ணுன்னு காமிச்சாத்தான் அவா எடுத்துப்பா. இல்லேன்னா இது கிலோ கணக்கு. பதிமூணு வருஷமாத் தேடியிருக்கேன் இதை."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னா நீங்க விலையை ஏத்துவேள். இல்லேன்னா வேற யாருக்காவது வித்துடுவேள்னு நெனச்சேன்."

"நான் இது திருட்டுப் பொருள்னு நெனச்சேன்."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஏலம் எடுத்த ரசீதின் ஜெராக்ஸ். அரசாங்கமே முறையாக விற்றது. "கேட்டிருந்தா காமிச்சிருப்பேன்."

"நீங்க காமிச்சிருந்தா நான் தேச்சிருக்கவே மாட்டேன்."

அவர் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார். மச்சினன் டீ வாங்கி வந்து வைத்தான். டீ ஆறியது.

பிறகு அவரே பேசினார். அந்த விமானங்களில் கழற்றி மாட்டும் மூடிகள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாதாம். ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்துக்கு இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். மாறிப் போய்விடாமல் இருக்க மூடியின் உள்பக்கத்திலும் விமானத்தின் எண்ணில் கடைசி மூன்றைக் குத்தியிருப்பார்கள். மடங்கும் வாயின் மூடி எங்கே? வரும்போதே இல்லை. அப்படியானால் அண்ணாச்சியிடம் இருக்கலாம்.

மூன்று பேரும் ரயில் பிடித்து மான்குர்த் போனோம். மூடி இருந்தது. முறம் அளவு தகடு, பச்சைப் பெயின்ட் கனமாக அடித்து, தண்ணீர் டிரம்மை மூடி மேலே ஒரு கல் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, தாகமா இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அந்த மூடி..."

"அது நல்ல மூடில்லா. முப்பதாயிரம்."

"அண்ணாச்சி, டிரம் மூடிக்கா?"

"டிரம் மூடின்னா நூறு ரூவா. மேடம், நீங்க, மாப்ள, மூணு பேரும் வேலைய விட்டுட்டு ரயிலேறி வந்திருக்கிய. அப்பம் இது டிரம் மூடி இல்ல."

பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க விடுங்கள் என்றேன். விலை முடியாமல் சுரண்டக் கூடாது என்றார். உள்ளே எண் இருக்கிறதா, இருந்தாலும் அதே எண்தானா, அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் பேசி பதினெட்டாயிரத்துக்கு இறங்கினார். மேடம் பையைத் திறந்தார். நான் வேண்டாம் என்றேன். என் சட்டைப் பையில் இருந்த ஆறாயிரத்தைக் கொடுத்து, மிச்சத்தை மாதாமாதம் தருவதாகச் சொன்னேன்.

"பூமி வாங்கின மாதிரிப் பேசுதானே ஒங்க அத்தான்" என்று மச்சினனிடம் சொன்னார் அண்ணாச்சி.

பட்டறைக்கு வந்து துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். கிரைண்டர் இருந்த பக்கமே போகவில்லை. பச்சைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே மூன்று எண்கள். மேடம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். விரலை ஒரு வரியில் வைத்து, திரும்பவும் தகட்டைப் பார்த்தார். அதே எண்தான் என்று தலையை ஆட்டினார். அந்த மூடியை வாயில் வைத்தேன். தட்டாமல், அழுத்தாமல் உட்கார்ந்தது.

சனிக்கிழமை அறக்கட்டளை ஆள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் டேப்லெட். இறக்கையைச் சுற்றி வந்து ரொம்ப நேரம் பாராட்டினார். மூடியைக் கழற்றி எண்ணைப் படம் எடுத்தார். பிறகு உள்ளே பார்த்தார். கிரைண்டர் போன இடம் பளபளவென்று இருந்தது.

"யே நம்பர் கிஸ்னே நிகாலா?" என்றார். யார் எடுத்தது என்று.

மேடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார். முகம் மாறவில்லை. எனக்கு அந்த முகம் புரிந்தது, என்னுடைய முகமே அதுதான். வேறு எண் இருந்திருக்கும், அதை அழித்துவிட்டு, சரியான எண் உள்ள ஒரு மூடியை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

"மைனே" என்றேன். நான்தான்.

எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். குர்லாக் கடை, அம்புக்குறி, டேப், வியாழக்கிழமை. துரு என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் சிரித்தார். இதை எழுதித் தருவீர்களா என்றார்.

"அத்தான், கையெழுத்துப் போடாதிய" என்றான் மச்சினன் காதருகே. "எண்ணத் தேச்சேன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு அவன் எங்க கொண்டுபோய்க் காட்டுவானோ."

எனக்கு அவனைவிடப் பத்து மடங்கு பயம். கரண்ட் பில்லில்கூட இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். ஆனால் மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை மூடி வைத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.

தமிழில் எழுதினேன். ஒரு பக்கம் ஆனது. மேடம் அதை ஆங்கிலத்தில் எழுதினார், ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்று படித்துக் காட்டினார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அறக்கட்டளை ஆள் ஆதார் ஜெராக்ஸும் கேட்டார், கொடுத்தேன்.

"ஆதாருமா" என்று மச்சினன் வெளியே போய்விட்டான்.

அன்று இறக்கை போகவில்லை. கமிட்டி முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் தார்பாய் போர்த்தி, சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தோம். மேடம் பதினொரு மணிக்கு வருவது நின்றுவிட்டது. வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் கூரியர்காரன்தான் என்று தெரிந்துகொள்ளும் வரை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

பிறகு ஒரு நாள் மேடம் போன் செய்தார். எடுத்துக்கொள்கிறார்களாம். மூடியின் எண்ணும், தேய்த்தவன் எழுதிக் கொடுத்ததும் சேர்ந்து போதும் என்று எழுதியிருக்கிறார்களாம். என் காகிதத்தை விமானத்தின் ஃபைலில் வைக்கிறார்களாம். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

லாரி வந்த அன்று என் கூலியின் மிச்சத்தை முழுசாகக் கொடுத்தார். இந்தத் தடவை கவரின் மேல் தொகையை எழுதியிருந்தார். என்னை எண்ணிப் பார்க்கச் சொன்னார். அவர் முன்னாலேயே எண்ணினேன், சரியாக இருந்தது.

மூடிக்கான பணத்தில் பாதி தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை, தேய்த்தது நான். மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்று மூன்று மாதம் கட்டியிருக்கிறேன். மான்குர்த் அண்ணாச்சிக்கு இன்னும் தர வேண்டியது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.