ஷுச்சின் திராட்சைக்கொடியைப் புதைத்த விதம்

வடகிழக்குச் சீனாவில் எங்கள் லியாவ்நிங் பக்கத்தில் திராட்சைக்கொடியைப் பந்தலிலேயே விட்டுவைத்தால் குளிர்காலம் தாங்காது, செத்துவிடும். இலை உதிர்ந்ததும் இறக்கி, கவாத்து செய்து, தரையில் வளைத்துப் படுக்கவைத்து மண்போட்டு மூட வேண்டும். அந்த மண்ணை வேருக்கு எட்டத் தள்ளிப் போய்த்தான் வெட்டி எடுக்க வேண்டும். வேரை ஒட்டித் தோண்டினால் அந்தப் பள்ளத்து வழியாகக் குளிர் இறங்கி வேரைக் கொன்றுவிடும். மேலே மலைபோல் குவித்தாலும் பிரயோஜனமில்லை. இது இங்கே மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பக்கத்து வீட்டு லுவான் ஷுச்சினுக்குத் தெரியாமலா இருக்கும்? வாழ வந்த வருஷத்திலிருந்து அந்த வீட்டுக் கொடியைப் புதைத்தவள் அவள்தான். புருஷன் கோங் தெலின் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சிகரெட் பிடித்தபடி அதிகாரம் பண்ணுவான். கொடி என்றால் அவனுக்கு உயிர். ஒருமுறை வளைக்கும்போது ஒரு கிளை முறிந்துவிட்டது. மண்வாரிக் காம்பாலேயே அவள் முதுகில் போட்டான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"உன் வீட்டு அடுப்பப் போய்ப் பாரு" என்றான்.

மகள் பிறந்த மாதத்திலும் விடவில்லை. பிள்ளை பெற்றவள் அந்த ஒரு மாதம் பச்சைத்தண்ணீர் தொடக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது. எப்பேர்ப்பட்ட முரடனும் அதை மதிப்பான்.

"நெலம் ஒறையப் போவுது, உனக்குப் படுக்கை கேக்குதா? கொடி செத்தா நீ காய்ப்பியா?" என்றான் இவன்.

தண்ணீர் ஊற்றி, ஈரமண்ணைக் கையால் அள்ளி மூடினாள். அன்று வீங்கிய விரல் மூட்டுகள் அப்படியே கோணிப்போயின. இன்றும் அவளால் குச்சி பிடித்துச் சாப்பிட முடியாது, கரண்டிதான். அடுத்த கோடையில் அவன் தெருவெல்லாம் பழம் கொடுத்துப் பெருமையடித்தான்.

போன வருஷம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் போயிற்று, ஒரு பக்கமும் விழுந்தது. அடுப்புச் சூடு அடியில் ஓடும் செங்கல் படுக்கையில், சன்னலோரமாகக் கிடத்தினாள். கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள். ஊரே மெச்சியது.

கொடியைப் புதைக்கும் நாள் வந்தது. உதவலாம் என்று போனேன். அதற்குள் அவளே பக்குவமாக வளைத்துப் படுக்கவைத்திருந்தாள். ஒரு கிளைகூட முறியவில்லை. பிறகு மண்வாரியை எடுத்து வேரை ஒட்டிக் குத்தினாள்.

"அக்கா, என்ன பண்றே? தள்ளித் தோண்டு!"

"எனக்குத் தெரியும்டி."

சன்னல் கண்ணாடியில் அவன் முகம் அப்பியிருந்தது. நல்ல கையால் கண்ணாடியைத் தட்டினான். தொண்டையிலிருந்து ஊளை மாதிரி ஏதோ வந்தது.

"என்ன கெழவரே, மண்ணு பத்தலையா?" என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, அதே இடத்தில் இன்னும் ஆழமாக வெட்டினாள்.

அந்த வருஷம் தெருவிலேயே உயரமான மண்மேடு அவள் வீட்டில்தான். "விழுந்துட்ட மனுஷனோட கொடிய என்னமா பாத்துக்கிறா!" என்று பேசிக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் சன்னலைக் காட்டிக் காட்டி அழுதான்.

"கொடிய நெனச்சு உருகறாரு" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

குளிர்காலம் முழுக்க அவனுக்கு வேறு வேலையில்லை. மேட்டின்மேல் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டா என்னோடு சுவரோரம் நின்று சிரித்துப் பேசினாள்?

வசந்தத்தில், முன்னோருக்குப் படைக்கும் சிங்மிங் நாள் கழிந்து மண்ணை விலக்கினோம். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். பச்சை இல்லை. சன்னலுக்கு நேரே உட்கார்ந்து, கொடியைத் துண்டு துண்டாக வெட்டினாள். கட்டி எடுத்துப்போய் அடுப்பில் வைத்தாள். காய்ந்த கட்டை, குப்பென்று பிடித்துக்கொண்டது.

அவனால் புரண்டு படுக்கவும் முடியாது. கோணல் விரல்களை அவன் முதுகுக்கு அடியில் நுழைத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க கொடி நல்லாத்தான் எரியுது, கெழவரே. சூடு போதுமா, இன்னும் வைக்கட்டுமா?"